போலி விமர்சனம் வந்தால்: பில் புத்தகத்திலிருந்து நீதிமன்றம் வரை

வன்னியில் ஒரு சாப்பாட்டுக்கடைக்கோ லொட்ஜுக்கோ கராஜுக்கோ கூகுளில் கிடக்கும் விமர்சனங்களை எண்ணினால் பெரும்பாலும் பத்துப் பதினைந்துக்கு மேல் தேறாது. ஆயிரம் விமர்சனம் சேர்ந்த கொழும்பு ஹோட்டலுக்கு ஒரு பொய்க் குறிப்பு வந்தால் அது மற்றவற்றுக்குள் அமுங்கிப்போகும். இங்கே அமுங்காது. 12 பேர் ஐந்து நட்சத்திரம் கொடுத்த கடைக்கு ஒரே இரவில் மூன்று பேர் ஒற்றை நட்சத்திரம் போட்டால் சராசரி 5 இலிருந்து 4.2 க்கு விழுந்துவிடும். அதை 4.5 க்குத் தூக்க மட்டும் ஒன்பது உண்மையான ஐந்து நட்சத்திரம் வேண்டும். ஓகஸ்டில் மடுத் திருவிழாவுக்கு வருகிறவர்களும், ஏ9 வீதியில் யாழ்ப்பாணம் போகும் வழியில் மாங்குளத்திலோ முறிகண்டியிலோ வாகனத்தை ஓரங்கட்டிவிட்டு எங்கே சாப்பிடலாம் என்று போனில் தேடுகிறவர்களும் அந்த எண்ணைப் பார்த்துத்தான் இறங்குவதா, இன்னும் கொஞ்சத் தூரம் போவதா என்று முடிவெடுக்கிறார்கள்.

கடைக்காரர்கள் முதலில் கேட்பது, “பொலிசில் போட்டால் பிடிப்பார்களா?” என்பதுதான். அவதூறு இலங்கையில் இப்போது குற்றம் இல்லை. தண்டனைச் சட்டக்கோவையில் அவதூறைக் குற்றமாக்கிய அத்தியாயம் 2002ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தால் நீக்கப்பட்டுவிட்டது. ஒருவர் உங்கள் கடையைப் பற்றிப் பொய் எழுதினார் என்பதற்காக மட்டும் பொலிசார் அவரைக் கைதுசெய்ய முடியாது. மிச்சமிருக்கும் வழி குடியியல் வழக்கு. அந்த வழி குறுகலானது. விமர்சனத்தைக் கண்ட முதல் வாரத்தில் நீங்கள் எதைச் சேர்த்து வைத்தீர்கள் என்பதில்தான் அதன் பாதிப் பலம் இருக்கிறது.

அதற்கு முன்னர் ஒன்றை நேர்மையாகப் பார்க்கவேண்டும். கெட்ட விமர்சனம் எல்லாம் போலி விமர்சனம் ஆகாது. “சோறு ஆறியிருந்தது”, “விலை கூட”, “முதலாளி முகம் கொடுத்துக் கதைக்கவில்லை” என்பவை ஒருவருடைய அபிப்பிராயம். வந்து சாப்பிட்டவருக்கு அதைச் சொல்ல உரிமை உண்டு, எந்தச் சட்டத்தரணியும் அதை அழித்துத் தரமாட்டார். சட்டம் கைகொடுப்பது, சரியா பிழையா என்று சோதித்துப் பார்க்கக்கூடிய ஒரு செய்தி பொய்யாகச் சொல்லப்பட்ட இடத்தில்தான். “ஐந்தாம் திகதி இரவு இங்கே வாங்கிய கொத்தில் புழு இருந்தது” என்பது அப்படிப்பட்டது. “என் மோட்டார் சைக்கிளில் இருந்த நல்ல பற்றரியைக் கழற்றிவிட்டுப் பழையதைப் போட்டார்கள்”, “அறையில் கமரா ஒளித்து வைத்திருக்கிறார்கள்” என்பவையும் அப்படித்தான். அந்தத் திகதியில் அவர் வரவே இல்லை, அன்று கடை பூட்டியிருந்தது, அந்த வேலையை நீங்கள் செய்வதே இல்லை என்று காட்டக்கூடியதாக இருந்தால் உங்கள் கையில் ஒரு வழக்கு இருக்கிறது. காட்ட முடியாவிட்டால் கோபம் மட்டும்தான் இருக்கிறது.

இங்கேதான் எங்கள் பக்கத்துக் கடைகள் பெரும்பாலும் வழுக்குகின்றன. பில் எழுதுவதில்லை. கல்குலேட்டரில் கூட்டிச் சொல்லிக் காசை வாங்கிக் கல்லாவில் போடுவதோடு சரி. பிறகு “இந்த ஆள் எங்களிடம் வரவே இல்லை” என்று சொன்னால் அதற்கு ஆதாரம் உங்கள் வாய்தான். தொடரிலக்கம் அச்சிட்ட, காபன் பிரதி கடையிலேயே தங்கும் சாதாரண பில் புத்தகம் போதும். லொட்ஜ் என்றால் அடையாள அட்டை இலக்கத்தோடு வருகைப் பதிவேடு. கராஜ் என்றால் வாகன இலக்கம், வந்த திகதி, செய்த வேலை, மாற்றிய சாமான் நான்கையும் எழுதும் வேலைப் புத்தகம். உணவுக் கடை என்றால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்துபோன திகதிகளும் அவர் தந்த தரச் சான்றிதழும். வழக்கு வருமோ வராதோ, விமர்சனத்துக்குப் பதில் எழுதுவதற்கே இவை வேண்டும்.

விமர்சனத்தைக் கண்டதும் பதில் எழுத ஓடாதீர்கள். எழுதியவர் அதைத் திருத்திவிடலாம், அழித்துவிட்டு வேறு பெயரில் வரலாம். முதலில் பதிவுசெய்யுங்கள். போனில் எடுக்கும் ஸ்கிரீன்ஷொட்டில் இணைய முகவரி தெரியாது. கணினியில் திறந்து, மேலே முழு முகவரியும் கீழே அன்றைய திகதியும் நேரமும் தெரிய எடுங்கள். கூகுள் “2 வாரங்களுக்கு முன்” என்றுதான் காட்டும், திகதியைக் காட்டாது. ஆகவே நீங்கள் எந்த நாளில் கண்டீர்கள் என்பதைக் கொப்பியில் எழுதிவைப்பது முக்கியம். அடுத்ததாக, எழுதியவரின் பெயரை அழுத்தி அவருடைய பக்கத்துக்குப் போங்கள். அந்தப் பக்கத்தின் முகவரியில் ஒரு நீண்ட இலக்கம் வரும். பெயரையும் படத்தையும் அவர் நாளைக்கே மாற்றலாம், அந்த இலக்கம் மாறாது. அதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். அவர் வேறு எந்தக் கடைகளுக்கு எழுதியிருக்கிறார் என்பதையும் படமெடுங்கள். ஒரே நாளில் வவுனியாவில் ஐந்து கடைகளுக்கு ஒற்றை நட்சத்திரமும் ஆறாவது கடைக்கு மட்டும் ஐந்து நட்சத்திரமும் போட்ட கணக்கு என்றால், அது தானே கதை சொல்லும். விமர்சனத்தோடு படம் போட்டிருந்தால் அந்தப் படத்தைக் கூகுள் லென்ஸில் தேடுங்கள். வேறெங்கோ இருந்து எடுத்த புழுப் படம் உங்கள் கடைக் கொத்து என்று வருவது உண்டு.

எடுத்த படங்களை வெட்டவோ அதன்மேல் சிவப்பு வட்டம் போடவோ வேண்டாம். வட்ஸ்அப்பில் அனுப்பிச் சேமிப்பதும் பிழை: அது படத்தைச் சுருக்கிவிடும், எடுத்த நேரம் போன்ற உள்விபரங்களும் போய்விடும். மூலக் கோப்பை அப்படியே உங்களுக்கே மின்னஞ்சல் செய்து, ஒரு பென் டிரைவிலும் வையுங்கள். கடையில் சீசீடிவி இருந்தால் அன்றைக்கே அந்த நாளின் பதிவைப் பிரதியெடுக்க வேண்டும். சிறிய கடைகளில் உள்ள பதிவுப் பெட்டிகள் ஹார்ட் டிஸ்க் நிறைந்ததும் பழையதன்மேல் புதியதை எழுதும். சில பெட்டிகளில் ஒரு வாரம், சிலவற்றில் ஒரு மாதம், அவ்வளவுதான். இன்னொன்று: மின்சாரம் அடிக்கடி போய்வரும் இடங்களில் அந்தப் பெட்டியின் கடிகாரம் பிழைத்திருக்கும். பிரதியெடுக்கும்போது பெட்டியின் நேரத்தையும் உங்கள் போன் நேரத்தையும் ஒன்றாக ஒரு படம் எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி “காட்சியில் இரவு 2 மணி என்று இருக்கிறதே” என்று ஒரே கேள்வியில் அதை உடைத்துவிடுவார். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல்கள் சட்டம் இப்படியான பதிவுகளைச் சான்றாக ஏற்க வழி தருகிறது. ஆனால் யார் எடுத்தார், எந்தக் கருவியில், எப்போது என்பதை அந்த ஆளே வந்து சொல்லக்கூடியதாக இருக்கவேண்டும். படமெடுத்தவரிடம் சமாதான நீதவான் முன்னிலையில் ஒரு சத்தியக்கடதாசி வாங்கி வைப்பது நல்லது.

அதே வாரத்தில் நட்டத்தின் சான்றையும் தேடுங்கள். “நெட்டில் இப்படிக் கிடக்குது, நாங்கள் வேறு மண்டபம் பார்க்கிறம்” என்று வந்த வட்ஸ்அப் செய்தி, இரத்தான முற்பதிவு, முந்திய ஆறு மாத விற்பனைக் கணக்கு எல்லாம் ஒரு கோப்புக்குள் போகட்டும். அந்த விமர்சனத்தை உங்கள் ஊரில் வாசித்த, சாட்சி சொல்லத் தயங்காத ஒருவராவது வேண்டும். மூன்றாம் ஆள் ஒருவர் வாசித்தால்தான் சட்டத்தின் கண்ணில் அது பிரசுரம்.

இவ்வளவும் முடிந்த பிறகு பதில். சுருக்கமாக, வாசிக்கப்போகும் அடுத்த வாடிக்கையாளரை மனதில் வைத்து எழுதுங்கள். “வணக்கம். நீங்கள் குறிப்பிட்ட திகதியில் எங்கள் பில் புத்தகத்தில் இந்த விற்பனை இல்லை. பில் இலக்கத்தையோ வந்த நேரத்தையோ தந்தால் உடனே பார்க்கிறோம்” என்ற அளவு போதும். யார் என்று உங்களுக்குத் தெரிந்தாலும் பெயர் சொல்லாதீர்கள். ஊரையும் சாதியையும் இழுத்து எழுதுவது, ஆளின் சீசீடிவிப் படத்தைப் பேஸ்புக்கில் போட்டு “இந்தக் கள்ளனைப் பாருங்கள்” என்பது, போன் இலக்கத்தைப் பகிரங்கமாகப் போடுவது இவை எல்லாம் உங்களை வழக்காளியிலிருந்து எதிராளியாக மாற்றிவிடும். உங்கள் பதிலும் நாளைக்கு நீதிமன்றத்தில் ஒரு ஆவணம்.

கூகுளிடம் நீக்கச் சொல்லிக் கேட்பதற்கு, அந்த வணிகப் பக்கம் உங்கள் கையில் இருக்கவேண்டும். பல கடைகளின் பக்கத்தை யாரோ வழிப்போக்கர் சேர்த்துவிட்டிருப்பார், அல்லது லண்டனில் இருக்கும் மருமகன் தன் ஜிமெயிலில் திறந்து வைத்திருப்பார். முன்னையது என்றால் உரிமை கோரிச் சரிபார்க்க வேண்டும். இப்போது அநேகமாக வீடியோ கேட்கிறார்கள்: வீதி, பெயர்ப்பலகை, கடையின் உட்பக்கம், கல்லாவையோ பூட்டையோ நீங்கள் திறப்பது எல்லாவற்றையும் வெட்டாமல் ஒரே ஓட்டத்தில் எடுக்கவேண்டும். வியாபாரப் பெயர்ப் பதிவுச் சான்றிதழில் உள்ள பெயரும் பலகையில் உள்ள பெயரும் பொருந்தாவிட்டால் சிக்கல் வரும், அதை முதலில் சரிசெய்யுங்கள். மருமகனிடம் இருந்தால் உங்கள் மின்னஞ்சலையும் உரிமையாளராகச் சேர்க்கச் சொல்லுங்கள். பக்கத்தை அழித்துவிட்டுப் புதிதாகத் திறந்தால் பழைய விமர்சனம் போய்விடும் என்று சிலர் செய்கிறார்கள். பழைய பக்கம் வரைபடத்தில் தொங்கிக்கொண்டே இருக்கும், புதியது இரட்டைப் பதிவு என்று முடக்கப்படலாம்.

முறைப்பாடு செய்யும்போது “இது பொய்” என்பது கூகுளுக்கு ஒரு காரணமே இல்லை. உண்மை பொய்யை அவர்கள் தீர்ப்பதில்லை. தங்கள் கொள்கையை மீறியிருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறார்கள். போட்டிக் கடைக்காரர் அல்லது முன்னாள் ஊழியர் எழுதியது என்றால் நலன் முரண்பாடு. கடைக்கு வராத ஒருவர் எழுதியது என்றால் போலி ஈடுபாடு. காணிச் சண்டையையும் கோயில் நிர்வாகச் சண்டையையும் கொண்டுவந்து எழுதியது என்றால் விடயத்துக்குப் புறம்பானது. பொருந்தும் ஒன்றைத் தேர்ந்து அனுப்புங்கள். முடிவுக்குச் சில நாட்கள் எடுக்கும். மறுத்தால் மேன்முறையீடு ஒரு தடவைதான், ஆதலால் சேர்த்த சான்றுகளை அதற்கென்று வைத்திருங்கள். தமிழிலோ, ஆங்கில எழுத்தில் தமிழாகவோ எழுதிய விமர்சனம் என்றால் ஆங்கில மொழிபெயர்ப்பை நீங்களே இணையுங்கள். வசையையே புரிந்துகொள்ளாமல் “மீறல் இல்லை” என்று திரும்பிவரக்கூடும். சொந்தக்காரர் இருபது பேரைக் கொண்டு ஒரே நாளில் முறைப்பாடு போடுவிப்பதால் பயன் இல்லை.

பேஸ்புக்கில் பக்கத்தின் விமர்சனப் பகுதியை முழுதாக நிறுத்தி வைக்கலாம். நல்லவையும் சேர்ந்தே மறையும் என்றாலும், தாக்குதல் நடக்கும் வாரத்தில் அது உதவும். புக்கிங் டொட் கொம்மில் அதன்வழி பதிந்தவர்தான் எழுதலாம் என்பதால் அங்கே தொல்லை குறைவு.

பொலிசுக்குப் போகவேண்டிய ஒரு சந்தர்ப்பம் உண்டு. “இவ்வளவு காசு போடு, விமர்சனத்தை எடுத்துவிடுகிறேன், இல்லாவிட்டால் இன்னும் இருபது வரும்” என்று செய்தி வந்தால் விடயம் அவதூறைத் தாண்டிவிட்டது. தண்டனைச் சட்டக்கோவையின் 372, 373ஆம் பிரிவுகள் அச்சுறுத்திப் பறித்தலைப் பற்றியவை. அந்தச் சட்டக்கோவை ‘கேடு’ என்று சொல்லும்போது ஒருவரின் நற்பெயருக்கு வரும் கேட்டையும் அதற்குள் அடக்குகிறது. காசு போடாதீர்கள். ஒருமுறை போட்டால் இரண்டாம் முறையும் கேட்பார்கள். உரையாடலை அழிக்காமல், இலக்கம் தெரிய முழுதாக ஏற்றுமதி செய்து வையுங்கள். உடலுக்கோ உடைமைக்கோ ஊறு செய்வதாக மிரட்டினால் அதற்கு வேறு பிரிவுகள் இருக்கின்றன. உங்கள் கணக்குக்குள் புகுந்து விளையாடியிருந்தால் 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டம் பொருந்தும், கணினிப் பாதுகாப்புப் பிரச்சினைகளைக் கவனிக்கும் இலங்கை சேர்ட் அமைப்பை 101 இல் அழைக்கலாம். நிலையத்தில் முறைப்பாட்டைத் தமிழில் எழுதச் சொல்லிக் கேளுங்கள், அது உங்கள் உரிமை. வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதிய வாக்குமூலத்தில் கையெழுத்து வைக்க வேண்டாம். நீங்கள் சொன்னதைச் சிங்களத்தில் ஒருவர் “கூகுளில் கெட்ட விமர்சனம்” என்று சுருக்கி எழுதினால், மிரட்டல் என்ற பகுதியே காணாமற்போய், முறைப்பாடு குடியியல் பிணக்கு என்று மூடப்படும். அதே நேரம், உண்மையாகவே வாங்கியவர் “காசைத் திருப்பித் தாருங்கள், இல்லாவிட்டால் நடந்ததை எழுதுவேன்” என்று சொன்னால் அதைப் பறிப்பு என்று பொலிசுக்குக் கொண்டுபோக வேண்டாம். அது ஒரு வாடிக்கையாளரின் கோபம்.

2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தைச் சிலர் காட்டுகிறார்கள். அது பொய்க் கூற்றுகளைப் பற்றிப் பேசினாலும் தேசிய பாதுகாப்பு, பொதுச் சுகாதாரம், பொது ஒழுங்கு, சமூகங்களுக்கிடையிலான பகைமை போன்றவற்றை நோக்கியே எழுதப்பட்டது. நல்லெண்ணத்தோடு சொன்ன அபிப்பிராயத்தை அது பொய்க் கூற்றாக எடுக்காது. கொத்துக்கடை விமர்சனத்தை அதற்குள் திணிப்பதில் நேரத்தை வீணாக்க வேண்டாம்.

குடியியல் வழியின் முதற்படி சட்டத்தரணி மூலம் அனுப்பும் கோரிக்கைக் கடிதம். எழுதிய சொற்களை எழுத்துப் பிசகாமல் மேற்கோள் காட்டி, இணைப்பு, கண்ட திகதி, எந்த வசனம் எப்படிப் பொய், என்ன வேண்டும், எத்தனை நாளுக்குள் என்பவை அதில் இருக்கவேண்டும். 14 நாள் கொடுப்பது வழக்கம். பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டை ஒட்டிவையுங்கள். ஊருக்குள் இருப்பவர் எழுதியது என்றால் பெரும்பாலானவை இந்தக் கடிதத்தோடு அழிந்துவிடும். அழியாவிட்டால், இலங்கையின் பொதுச் சட்டமாகிய உரோமன்-டச்சுச் சட்டத்தின் கீழ் மானநட்ட வழக்கு. வவுனியா, மன்னார், கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்ட நீதிமன்றங்களில் உங்கள் எல்லைக்குரியதில் தொடுக்கலாம். எதிராளி அங்கே வசித்தாலும் சரி, வழக்குக்கான காரணம் அங்கே எழுந்தாலும் சரி. எதிராளி உண்மை என்றும் பொது நன்மைக்காகச் சொன்னேன் என்றும், அல்லது நியாயமான கருத்து என்றும் வாதிடலாம். அப்போதுதான் அந்தப் பில் புத்தகம் பேசும்.

கால எல்லை இரண்டு வருடம். 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் 9ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. விமர்சனம் இன்னும் இணையத்தில்தானே கிடக்கிறது, எப்போதும் போடலாம் என்று இருந்துவிடாதீர்கள். எழுதியவரின் உண்மையான பெயரும் முகவரியும் தெரிந்திருக்க வேண்டும் என்பது அதைவிடப் பெரிய தடை. ஒரு புனைபெயருக்கு அழைப்பாணை சேர்ப்பிக்க முடியாது. கூகுள் அமெரிக்க நிறுவனம். பயனர் எழுதியதற்காக அந்நாட்டுச் சட்டம் தளத்தைப் பொறுப்பாக்குவதில்லை. வெளிநாட்டு வழக்கு ஒன்றுக்காகக் கலிபோர்னியாவில் மனுச் செய்து எழுதியவரின் விபரம் கோரும் வழி அமெரிக்கச் சட்டத்தில் உண்டு, ஜப்பானிய நிறுவனங்கள் அதைப் பயன்படுத்தியிருக்கின்றன. புதுக்குடியிருப்புப் பலசரக்குக் கடைக்கு அந்தச் செலவு கட்டாது. ஆளை அடையாளம் காண முடியாவிட்டால் வழக்குக்குச் செலவழிக்காமல் தளத்தின் மேன்முறையீட்டிலும் உண்மையான வாடிக்கையாளர்களின் விமர்சனத்திலும் முயற்சியைப் போடுவதே சரி என்பது எங்கள் கருத்து. கல்லாவில் கியூஆர் அட்டை வைத்துக் கேளுங்கள், தவறில்லை. விலைக்கழிவு தருவதாகச் சொல்லி எழுதுவிப்பது கூகுளின் கொள்கைக்கு முரண். காசு கொடுத்துப் பொய்ப் புகழ்ச்சி வாங்கினால் 2003ஆம் ஆண்டின் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் 30ஆம் பிரிவு, பாவனையாளரை ஏமாற்றும் நடத்தை என்று உங்களையே பிடிக்கும்.

எழுதியது போட்டிக் கடைக்காரர் என்று காட்ட முடிந்தால் இன்னொரு சட்டம் இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் 160ஆம் பிரிவு, வியாபார நடவடிக்கையின்போது இன்னொருவரின் தொழிலை மதிப்பிறக்கும் பொய்யான குற்றச்சாட்டை நேர்மையற்ற போட்டி என்கிறது. அது கொழும்பு வர்த்தக மேல் நீதிமன்றத்துக்குப் போகும். அங்கே வேலை நடப்பது ஆங்கிலத்தில், ஆகவே தமிழ் விமர்சனத்துக்குச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின் மொழிபெயர்ப்பு வேண்டும். ஏ9 இல் எத்தனை தடவை போய்வருவது என்பதையும் கணக்கில் எடுங்கள்.

வன்னிக்கே உரிய ஒரு வகை, கனடாவிலோ லண்டனிலோ இருக்கும் சொந்தக்காரர் குடும்பப் பகையில் எழுதும் விமர்சனம். ஆளும் முகவரியும் தெரியும், ஆனால் இங்கே கிடைக்கும் தீர்ப்பை அங்கே நிறைவேற்றுவது கடினம். இங்கிலாந்தில் வழக்குப் போட நினைத்தால், அங்கே கால எல்லை ஒரு வருடம்தான். 2013ஆம் ஆண்டு அவதூறுச் சட்டப்படி இலாபத்துக்கு இயங்கும் நிறுவனம் பாரதூரமான பண நட்டத்தைக் காட்டவும் வேண்டும். இப்படியானவற்றில் அந்த ஆள் மதிக்கும் ஒரு பெரியவரைக் கொண்டு கதைப்பதுதான் கூடுதலாகப் பலித்திருக்கிறது.

உள்ளூர் என்றால் மத்தியஸ்த சபை. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டப்படி, குறித்த தொகைக்கு உட்பட்ட பிணக்குகள் நீதிமன்றத்துக்கு முன் அங்கேதான் போகவேண்டும். இணங்காவிட்டால் அதற்கான சான்றிதழோடு வழக்குக்குப் போகலாம். பெரும்பாலும் வார இறுதியில் கூடுவார்கள், சட்டத்தரணி தேவையில்லை. சட்டத்தரணிக்குக் கட்ட வசதியில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் கிளையில் வருமான விபரத்தோடு விசாரிக்கலாம். சபையில் இணக்கம் வந்தால் “இனிப் பிரச்சினை இல்லை” என்று மொட்டையாக எழுத விடாதீர்கள். எந்தக் கணக்கிலிருந்து எந்த விமர்சனம் எந்தத் திகதிக்குள் நீக்கப்படும் என்பதோடு, வட்ஸ்அப் குழுக்களிலும் பேஸ்புக்கிலும் பகிர்ந்த அதன் ஸ்கிரீன்ஷொட்டுகளும் நீக்கப்படும், வேறு பெயரிலோ வேறொருவரைக் கொண்டோ மீண்டும் எழுதப்படாது என்றும் எழுதுவித்து, அதை வாசித்துப் பார்த்த பிறகு கையெழுத்து வையுங்கள்.